தோள் தாங்குகிற ரைஃபிள்: வயதானவர், காயம்பட்டவருக்கான மான் வேட்டைத் துப்பாக்கி தேர்வு

என் மாமனாருக்கு 68 வயது. வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதற்கு முன்னால் முப்பது வருடமாக .30-06 என்ற வகைத் தோட்டா போடுகிற ஒரே ஒரு ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போய்வந்தவர். டாக்டர் "இனி சுடலாம்" என்று சொன்ன பிறகு முதல் தடவை சுடுதளத்துக்குக் கூட்டிப்போனேன். அவருக்குத் தெரியாமல் மேகசினில் மூன்றாவதாக ஒரு போலித் தோட்டாவைச் சொருகிவைத்தேன். இரண்டு தோட்டா வெடித்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்ததும் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும்தான். ஆனால் குழல் முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண் இறுக மூடியிருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, துப்பாக்கி சும்மாதான இருக்கு, நான்ல உதைக்கிறேன்?"

வலியை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே வெட்டி இழுக்கிற இந்தப் பழக்கம்தான் குறியைக் கெடுக்கிறது. எவ்வளவு சக்தியுள்ள தோட்டாவாக இருந்தாலும் குடலில் பட்டால் மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். மெல்லிய தோட்டாதான் என்றாலும் நுரையீரலில் பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் "மானுக்கு எந்தத் துப்பாக்கி போதும்?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, "என் தோள் எவ்வளவு தாங்கும்?"

இது மான் வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில், உரிமமும் பருவ அனுமதியும் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதில் எதுவும் பொருந்தாது.

முதலில் உடம்பைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். "துப்பாக்கி சுடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "தோளில் ஒரு அடி விழும், ஒரு நாளைக்குப் பத்து தடவை, என் தசைநார் தாங்குமா?" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், சுட்டதும் துப்பாக்கி பின்னால் தோளில் இடிக்கிற சாதாரண உதையிலேயே தோள் கறுத்துப்போகும். விழித்திரையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் கண் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலரும் மறக்கிற ஒன்று உண்டு. வலது தோள் போய்விட்டது, இடது தோளில் வைத்துச் சுடலாம் என்று யோசிப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழேதான் பொருத்துகிறார்கள், துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் வைக்கிற பின்பகுதி, வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான். உதை பட்டுப்பட்டு இதயத்துக்குப் போகிற கம்பி சேதமாகும் ஆபத்து உண்டு. பேஸ்மேக்கர் இருக்கிற பக்கத்தில் ரைஃபிளை வைக்கலாமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

காயம் எங்கே என்பதைப் பொறுத்துத் தேவையும் மாறும். தோளில் என்றால் உதையைக் குறைக்க வேண்டும். மணிக்கட்டிலோ விரல் மூட்டிலோ என்றால் தோட்டாவை ஏற்றி இறக்கக் கையால் இழுக்கிற போல்ட் எளிதாகத் திறக்க வேண்டும், விசை இலகுவாக இருக்க வேண்டும். கழுத்து என்றால் தலையைக் குனியாமலே ஸ்கோப்பில் பார்க்க முடிய வேண்டும். முதுகு என்றால் துப்பாக்கியின் எடை ஒரு பிரச்சினை. தோளும் முதுகும் சேர்ந்து கெட்டுப்போனவருக்குத்தான் உண்மையான தலைவலி. ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

உதையை எண்ணாகப் பாருங்கள்

"இது மென்மையா உதைக்கும்" என்று கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உதைக்குக் கணக்கு இருக்கிறது. முன்னால் போகிற குண்டின் எடையும் வேகமும், எரிந்து வெளியேறுகிற வெடிமருந்துப் புகையின் எடையும் வேகமும் ஒரு பக்கம். துப்பாக்கியின் எடை மறு பக்கம். முன்னால் எவ்வளவு உந்தம் போகிறதோ அவ்வளவும் பின்னாலும் வந்தாக வேண்டும். அப்படிப் பின்னால் வருகிற உதையின் ஆற்றலை அடி-பவுண்டு என்ற அளவில் சொல்வார்கள்.

ஏழரை, எட்டு பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோ சொச்சம் எடையுள்ள ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டா வகைக்கும் உதை தோராயமாக இப்படி வரும். .223 ரெமிங்டன் 3 முதல் 4. 6.5 கிரெண்டல் 8. .243 வின்செஸ்டர் 9. 6.5 கிரீட்மூர் 12. 7 மி.மீ.-08 ரெமிங்டன் 12, 13. .308 வின்செஸ்டர் 15, 16. .30-06 சுமார் 20. .300 வின்செஸ்டர் மேக்னம், அதைவிடச் சற்று கனமான துப்பாக்கியிலேயே, 25.

ஆரோக்கியமான ஆளுக்கே 20 தாண்டினால் நீண்ட நேரம் சுடுவது கஷ்டம். அறுவை செய்த தோளுக்கு என் கணக்கு 10. அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. 12 வரை பொறுக்கலாம், நல்ல ரப்பர் திண்டு இருந்தால். இது மருத்துவக் கணக்கு இல்லை, பலர் சுடுவதைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட கோடு.

இப்போது எடைக்கு வருவோம். தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை மட்டும் கூடினால், உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் குறையும். .243 தோட்டாவையே 6 பவுண்டு மலை ரைஃபிளில் போட்டால் 11க்கு மேல் போகும். எட்டரை பவுண்டு ரைஃபிளில் 8தான். அந்த எட்டரை பவுண்டு ரைஃபிளில் அதைவிடப் பெரிய 7 மி.மீ.-08 போட்டாலும் 12தான் வரும். "சின்னத் தோட்டா, லேசான துப்பாக்கி, பெரியவருக்கு ஏற்றது" என்று விற்கப்படுவது, கனமான துப்பாக்கியில் பெரிய தோட்டா உதைக்கிற அளவுக்கே உதைக்கிறது. சிறுவர்களுக்கான குட்டி ரைஃபிளைப் பெரியவர் கையில் கொடுக்கிற தப்பும் இதுதான்.

முதுகு வலியுள்ளவர் எட்டரைப் பவுண்டை எப்படித் தூக்குவார்? நடந்து வேட்டையாடாமல், மறைவிடத்தில் உட்கார்ந்து முக்காலியில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடுவதுதான் வழி. கூட வருகிறவர் ரைஃபிளைச் சுமக்கட்டும். அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் லேசான ரைஃபிளை எடுத்து, தோட்டாவிலும் குழல் முனையிலும் உதையைக் குறைக்க வேண்டியதுதான்.

எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. விசைக்குக் கீழே இருக்கிற நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றுகிற பழைய .30-30 லீவர் ரைஃபிளுக்குக் கணக்குப்படி 10, 11தான். ஆனால் அதன் கட்டை முனையில் பல ரைஃபிள்களில் ரப்பர் இருக்காது, குறுகலான இரும்புத் தகடுதான் இருக்கும். எலும்பில் சுத்தியல் பட்ட மாதிரி இருக்கும். கட்டை கீழ்நோக்கி வளைந்திருப்பதால் குழல் எகிறிக் கன்னத்திலும் அறையும்.

தோட்டா: முதலில் சட்டம், பிறகு ஆசை

உங்கள் பகுதியின் வேட்டை விதியை எடுத்துப் படியுங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 அங்குல விட்டம், 70 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்கிற சின்ன அலகு) எடைக் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு சக்தி வேண்டும். வர்ஜீனியாவில் .23க்குக் கீழே கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 மான் சட்டம் பெரும்பாலான மான்களுக்கு .240 அங்குல விட்டமும் 1700 அடி-பவுண்டு சக்தியும் கேட்கிறது. .223 எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இந்த அளவுகள் கேட்கிற மான்களுக்கு அது பேச்சிலேயே இல்லை. சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் புதியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். குண்டு பட வேண்டிய இடம் கொஞ்சம் தவறினாலும் ஈடுகட்ட அதில் ஒன்றும் இல்லை.

ஓஹையோ போல இன்னும் சில மாநிலங்களில் மான் பருவத்தில் ரைஃபிள் என்றால் கழுத்து ஒடுங்காத நேர்ச்சுவர் தோட்டாதான் செல்லும். அங்கே .350 லெஜண்ட் நல்ல தேர்வு. 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது, உதை .243 பக்கத்திலேயே இருக்கும். 150, 175 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என் முதல் வாக்கு .243க்குத்தான். 1955இல் வந்தது. .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. வேட்டைப் பொருள் விற்கிற கடைகளில் அநேகமாக எங்கும் கிடைக்கும், எல்லா கம்பெனியும் இதற்கு ரைஃபிள் செய்கிறார்கள். மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டாவது வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் வைத்திருக்கிற பழைய கணக்குப்படி பார்த்தாலும், 100 கிரெய்ன் குண்டு 200 கெஜம் தாண்டியும் தேறும்.

தோள் 12 வரை தாங்குகிறவருக்கு 6.5 கிரீட்மூரும் 7 மி.மீ.-08உம் இன்னும் கொஞ்சம் தாராளமானவை. எல்க் மாதிரிப் பெரிய மான்களும் கணக்கில் இருந்தால் 7 மி.மீ.-08 பக்கம் சாயுங்கள். 8 பக்கத்தில் வேண்டும், தூரமும் குறைவுதான் என்றால் 6.5 கிரெண்டல். கடைகளில் இதன் தோட்டா அவ்வளவு தாராளமாகக் கிடைக்காது என்பது குறை.

வீட்டிலேயே .308 இருக்கிறதா? புதிது வாங்குவதற்கு முன் குறைந்த உதைத் தோட்டாக்களைத் தேடிப்பாருங்கள். ஹார்னடியின் கஸ்டம் லைட் வரிசை அப்படிப்பட்டது. 125 கிரெய்ன் குண்டு, மருந்தும் குறைவு. 15, 16 இருந்த உதை 10க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஸ்கோப்பை மட்டும் அந்தத் தோட்டாவுக்கு மறுபடி சரிசெய்ய வேண்டும், பழைய தோட்டா அடித்த இடத்தில் இது அடிக்காது. வீட்டில் தோட்டா நிரப்பத் தெரிந்த சிநேகிதர் "மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்றால் எந்தப் புத்தகத்து அளவு என்று கேளுங்கள். மெதுவாக எரிகிற மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்தால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே சிதறலாம்.

குண்டு விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சிறிய தோட்டாவுக்கு நல்ல குண்டு கட்டாயம். .243இல் 55, 58 கிரெய்ன் குண்டுகள் அணில், நரி மாதிரிச் சின்னப் பிராணிகளுக்கானவை, பட்டதும் சிதறிவிடும். மானுக்கு 90 முதல் 100 கிரெய்னில், உறை கெட்டியாகப் பிணைத்த குண்டு எடுங்கள். இல்லையென்றால் 80, 85 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு. செம்பு எடையை இழக்காமல் ஊடுருவும், அதனால் லேசான குண்டே போதும். குண்டு லேசானால் உதையும் பதினைந்து சதவீதம் போல இறங்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான்.

கட்டையும் போல்ட்டும் ஸ்கோப்பும்

கட்டை பொருந்தாத ரைஃபிள் எந்தத் தோட்டாவிலும் வலிக்கும். கடையில் தோளில் வைத்துப் பார்க்கும்போது வேட்டைக்குப் போடுகிற தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். சாதாரணச் சட்டையில் அளவாக இருந்த கட்டை, கோட்டின் மேல் ஒன்றரை விரல் நீளமாகிவிடும். உடனே கட்டை தோள்குழியை விட்டு விலகிக் கையின் மேல்பக்கம் போய் உட்காரும், அறுவைத் தழும்புக்கு நேராக. கட்டை நீளத்தையும் கன்னம் படுகிற மேட்டையும் கூட்டிக் குறைக்கிற வசதி சில ரைஃபிள்களில் உண்டு. சாவேஜ் 110இன் அக்யூஃபிட் வகை அப்படி. கழுத்து வலியுள்ளவர்கள் அந்த மேட்டை உயர்த்தி வைத்தால் தலையைக் குனிய வேண்டியதில்லை.

கட்டை முனையில் இருக்கிற ரப்பர் கெட்டியாக இருந்தால் மாற்றுங்கள். லிம்ப்சேவர், பாக்மேயர் போன்றவர்களின் மென்மையான திண்டு ஒன்று வாங்கிப் போடுவது, மொத்த வேலையிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது.

போல்ட் திறக்க 90 பாகை தூக்க வேண்டிய ரைஃபிளும் உண்டு, 60 பாகையில் திறப்பதும் உண்டு. 60 நல்லதென்று தோன்றும். ஆனால் அதே ஸ்பிரிங்கைக் குறைந்த தூரத்தில் இறுக்க வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் கையை அதிகமாகக் கேட்கும். விரல் மூட்டு வலி உள்ளவர் காலித் துப்பாக்கியில் இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஐந்தாவது தடவை தெரியாத வலி பதினைந்தாவதில் தெரியும். திகா டி3எக்ஸ் போல்ட்டின் வழவழப்பு எனக்குப் பிடிக்கும். தூக்காமல் நேராகப் பின்னால் இழுக்கிற பிளேசர் ஆர்8 போன்றவை மணிக்கட்டுக்கு வரம், விலைதான் கசக்கும். பழைய வகை லீவர் ரைஃபிளில் தோட்டா உள்ளே இருக்கும்போது கட்டை விரலால் சுத்தியை மெதுவாக இறக்க வேண்டி வரும். பலம் போன விரலுக்கு அந்த வேலை வேண்டாம்.

அரைத் தானியங்கி ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது, வாயுவால் இயங்குவதால் உதை கொஞ்சம் நேரம் பரவி, அறை மாதிரி இல்லாமல் தள்ளல் மாதிரி வரும். .243இல் பிரௌனிங் பார் இருக்கிறது. மான் வேட்டைக்கு அரைத் தானியங்கியை அனுமதிக்காத இடங்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பில் பெரிதாக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2 முதல் 7, இல்லை 3 முதல் 9 போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நாலு அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். தோள் வலிக்குப் பயந்து கட்டையைத் தளர்வாகப் பிடிக்கிறவருக்குத்தான் ஸ்கோப் வளையம் புருவத்தைக் கிழிக்கும். விசையின் எடை ஒன்றேகால் கிலோ பக்கத்தில் இருக்கட்டும்.

குழல் முனையில் என்ன மாட்டுவது?

.243இல் உதையின் உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாயுவிலிருந்து வருகிறது. குண்டின் பங்கை ஒன்றும் செய்ய முடியாது, வாயுவின் பங்கைத் திருப்பிவிடலாம். முனைத் தடுப்பான், அதாவது மஸில் பிரேக், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கும். ஆனால் சத்தம் சுடுகிறவர் பக்கமும் கூட இருப்பவர் பக்கமும் திரும்பும். ரைஃபிள் சத்தம் ஏற்கெனவே காதைக் கெடுக்கிற 140 டெசிபலைத் தாண்டியதுதான். மறைவிடத்துக்குள் பிரேக் மாட்டிய ரைஃபிளை வெறுங்காதோடு ஒரே ஒரு தடவை சுட்டாலும் காது இரைந்துகொண்டே இருக்கும்.

சத்தமடக்கி கிடைக்கிற நாட்டில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். உதையும் குறைகிறது, சத்தமும் குறைகிறது, முனையில் கூடுகிற கால் கிலோ, அரைக் கிலோவும் குழலை எகிற விடாமல் அடக்குகிறது. சத்தம் குறைந்தால் உடம்பு வெட்டி இழுப்பதும் குறையும், பாதிப் பயம் காதில்தான் இருக்கிறது. வாங்குகிற ரைஃபிளின் குழல் முனையில் மரை வெட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியே மாட்டினாலும் காதடைப்பான் போட மறக்க வேண்டாம்.

சுட்டுப் பழகுவது

பலர் தோளைக் கெடுத்துக்கொள்வது காட்டில் இல்லை, சுடுதள மேசையில்தான். நின்று சுட்டால் உடம்பு பின்னால் அசைந்து உதையை வாங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்து உட்கார்ந்தால் அசைய இடமில்லை, முழுதும் தோளில் இறங்கும். மேசையை உயர்த்தி, முடிந்தவரை நிமிர்ந்து உட்காருங்கள். தோளுக்கும் கட்டைக்கும் நடுவே சின்ன மணல் பை ஒன்றை வையுங்கள்.

ஸ்கோப்பை ஏறக்குறையச் சரிசெய்கிற முதல் பத்துப் பன்னிரண்டு தோட்டாவை வேறு யாராவது சுடட்டும். கடைசி மூன்றை நீங்கள் சுட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் பிடி வேறு. .243ஐ 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே அடிக்கும்படி வைத்தால் 200 கெஜம் வரை மானின் நெஞ்சுக்கூட்டின் நடுவிலேயே குறிபார்க்கலாம். ஒரு நாளைக்கு ஆறு, எட்டு தோட்டாவோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தோள் வலியைத்தான் பழகும். மிச்சப் பயிற்சிக்கு, மிகச் சின்னத் தோட்டா போடுகிற .22 ரிம்ஃபயர் ரைஃபிள் இருக்கிறது. அதில் வாரம் ஐம்பது சுட்டாலும் தோளுக்கு ஒன்றும் தெரியாது, விசை இழுக்கிற கை பதமாகிவிடும்.

மாமனார் கடைசியில் ஸ்கோப்போடு எட்டேகால் பவுண்டு வருகிற ஒரு .243 எடுத்தார். கடையில் அவருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. "பேரனுக்கு வாங்குற துப்பாக்கில்ல இது?" என்று இரண்டு தடவை கேட்டார். சுடுதளத்தில் ஆறு தோட்டா முடிந்ததும் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டார். கொடுக்கவில்லை.

தூரத்தை முடிவுசெய்வது கடைசி வேலை. மானின் நெஞ்சில் உயிர்நிலை இருபது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். அந்த அளவு காகிதத் தட்டு ஒன்றை வைத்து, மேசை இல்லாமல் வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து ஐந்து சுடுங்கள். ஒரே நாளில் வேண்டாம், இரண்டு நாளாகச் சுடலாம். ஐந்தும் தட்டில் விழுகிற தூரம்தான் உங்கள் தூரம், தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பது இல்லை. மாமனாருக்கு அது 120 கெஜம் வந்தது. 150இல் நான்குதான் விழுந்தது, அதனால் 120 என்று ரைஃபிள் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் கிளம்புவதற்கு முன்னாடியே பேசி முடிவுசெய்துவிடுங்கள். விழுந்த மானை வண்டி வரைக்கும் யார் இழுப்பது? ரைஃபிளின் உதையிலிருந்து பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய தோளை, ஐம்பது கிலோ மானின் கொம்பைப் பிடித்து இழுத்தே பத்து நிமிஷத்தில் மறுபடி கிழித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு.